கிராமுக்கு ஐம்பது சதம்: வன்னியில் சீனியும் வரியும்

இலங்கையில் விற்கப்படும் இனிப்புப் பானங்களுக்கு, அவற்றில் கரைந்திருக்கும் சீனியின் நிறையைக் கணக்கிட்டு வரி விதிக்கும் முறை 2017 நவம்பரில் தொடங்கியது. ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்பது அதன் தொடக்க வீதம். சீனி வருத்தத்தைக் குறைக்கும் வரி என்று கொழும்பில் அறிமுகமான அது, முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றுக் கடைகளுக்குப் போத்தலில் அச்சிட்ட ஒரு புதிய விலையாகவே வந்துசேர்ந்தது. வன்னியில் இனிப்பின் விலையை வெளியே இருப்பவர்கள் தீர்மானிப்பது அது முதல் தடவையன்று. கூப்பன் காட், பொருளாதாரத் தடை, வீதிச் சோதனைச் சாவடி, இறக்குமதித் தீர்வை என்று காலத்துக்குக் காலம் வெவ்வேறு கைகள் அதைத் தீர்மானித்து வந்திருக்கின்றன. சீனி வரியை அந்த நீண்ட கணக்கின் ஒரு பதிவாக வைத்துப் பார்த்தால்தான், அது எதைச் சாதித்தது, எதைத் தொடவேயில்லை என்பது விளங்கும்.

தண்ணீரூற்று, முள்ளியவளையோடு ஒட்டிய ஊர். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகும் வீதி அதைத் தொட்டுச் செல்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்தது நிலத்தடியிலிருந்து சுரந்த நீர். ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிலின் பெயரிலும் அந்த ஊற்று இருக்கிறது. குளங்களை நம்பி வயல் செய்த வன்னியில், கோடையிலும் நீர் சுரக்கும் இடம் பெயர் வைத்துக் கொண்டாடத் தக்கதுதான். இந்த ஊரில் நெடுங்காலம் தாகத்துக்குக் குடித்தது தண்ணீர். இனிப்பாகக் குடிப்பது வேறு விடயம். அதற்கு நாளும் பொழுதும் இருந்தன.

அந்த நாள்களில் பெரியது வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். வைகாசித் திங்களில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்து, பின்னர் வற்றாப்பளைக்குப் போகும் அந்தச் சடங்குக்கு வடக்கின் எல்லாப் பக்கமிருந்தும் சனம் வரும். வெயில் உச்சத்தில் நிற்கும் மாதம். வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் போட்டு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் தேசிக்காய்த் தண்ணீரும் வார்ப்பது நேர்த்தி. பின்னாளில் சிவப்பு நிறச் சர்பத்தும் சேர்ந்துகொண்டது. தெற்கே வெசாக் காலத்துத் தன்சல் எப்படியோ, இங்கே தண்ணீர்ப்பந்தல் அப்படி. இனிப்புப் பானம் இங்கே முதலில் விலைப்பொருளாக வரவில்லை, தருமமாக வந்தது. அதைக் குறைத்துக் குடி என்று சொல்வது ஏன் எளிதல்ல என்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். வந்தவருக்கு இனிப்பில்லாமல் ஏதாவது கொடுப்பது இன்றும் விருந்தோம்பலில் ஒரு குறையாகவே எண்ணப்படுகிறது.

வீட்டு இனிப்புகள் காட்டிலிருந்தும் பனையிலிருந்தும் வந்தன. காட்டுத்தேன் வன்னிக்குப் பெயர் பெற்றது. பாலைப்பழம் விழும் காலத்தில் பழத்தைப் பிழிந்து காய்ச்சிப் பாலைப்பாணி எடுப்பார்கள். அது ஆண்டு முழுவதும் போத்தலில் இருக்கும். பனையில் சீவி இறக்கும் சாறு, முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் புளிக்காமல் கருப்பநீராக நிற்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் கள்ளாகிவிடும். கருப்பநீரைக் காய்ச்சிக் குட்டான்களில் ஊற்றினால் பனங்கட்டி. வெறுந்தேத்தண்ணியை ஒரு கையிலும் பனங்கட்டித் துண்டை மறுகையிலும் வைத்துக் கடித்துக் குடிப்பது வடக்கின் பழைய வழக்கம். குவளைக்குள் சீனியைக் கொட்டிக் கரைப்பதைவிட அதில் இனிப்பின் அளவு நாக்குக்குத் தெரியும்.

இங்கேதான் வரியும் முதலில் நுழைந்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. வடக்கில் சீவும் மரத்துக்கு மரவரி கட்டும் முறை நெடுநாள் இருந்து, 1972இல் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது முடிவுக்கு வந்தது. ஒரே மரம், ஒரே பாளை. ஒரு பிடி சுண்ணாம்பு அதை வரிக்குரிய பண்டமா இல்லையா என்று தீர்மானித்தது. ஒரு பானத்தை அதன் உள்ளடக்கத்தைப் பார்த்து வரிக்குள் சேர்ப்பதும் விடுவதும் 2017இல் கண்டுபிடிக்கப்பட்ட புதுமை அல்ல என்பதற்காக இதை நினைவில் வைக்கலாம்.

ஆலையில் செய்த மென்பானம் கொழும்பில் வேரூன்றியது. 1866இல் தொடங்கிய கொழும்பு ஐஸ் கம்பனியின் வழிவந்ததுதான் சிலோன் கோல்ட் ஸ்ரோர்ஸ்; அதன் யானை மார்க் கிரீம் சோடாவும் இஞ்சிப் பியரும் நாடெங்கும் அறிமுகமாயின. கொக்கா கோலா 1961இல் இலங்கைக்கு வந்தது. வடக்குக்கென்று சொந்தப் பானங்களும் இருந்தன. யாழ்ப்பாணம் தோலகட்டியில் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தில் செய்யப்பட்ட நெல்லிரசம் கலியாண வீடுகளிலும் நோயாளி பார்க்கப் போகும் பைகளிலும் இடம்பிடித்தது. வன்னிக் கிராமங்களில் சோடா என்பது பெரும்பாலும் ஒரு வருகையின் அடையாளம். பெண் பார்க்க வந்தாலோ கச்சேரி உத்தியோகத்தர் வந்தாலோ பெடியனைச் சைக்கிளில் கடைக்கு அனுப்புவார்கள். வீட்டுக்காரர் அதைக் குடிப்பது அருமை.

சீனிக்கு அரசு அளவு குறித்த காலம் கொக்கா கோலா வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப்போரின்போது வந்த உணவுப் பங்கீடு, கூப்பன் காட்டாகவும் கூட்டுறவுச் சங்கக் கடையாகவும் பல தசாப்தம் நிலைத்தது. இலங்கை தனக்கு வேண்டிய சீனியின் மிகப்பெரும் பகுதியை என்றும் இறக்குமதியே செய்து வந்திருக்கிறது. கந்தளாயில் 1960 அளவில் எழுந்த ஆலையும் பின்னர் தெற்கில் வந்த பெல்வத்தை, செவனகல ஆலைகளும் தேவையின் சிறு பங்கைத்தான் கொடுத்தன. ஆகவே அன்னியச் செலாவணி இறுகும்போதெல்லாம் முதலில் குறைவது குவளையிலிருக்கும் இனிப்பு. 1970 முதல் 1977 வரை ஆண்ட சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு சீனியின் பங்கை வெட்டியது. அந்த ஆட்சியின் இறக்குமதிக் கட்டுப்பாடு வன்னிக்கு இரு முகம் காட்டியது: சீனி கிடைக்கவில்லை, ஆனால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் முத்தையன்கட்டு, விசுவமடு குடியேற்றத் திட்டங்களில் தோட்டம் செய்த இளைஞர்கள் நல்ல காசு கண்டார்கள். அந்தக் காலத்தைப் பற்றித் தெற்கில் கேட்டால் பாணுக்கு நின்ற வரிசை நினைவுக்கு வரும். வன்னித் தோட்டக்காரரிடம் மிளகாய் விலை நினைவுக்கு வரும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது சீனியின் கதை வேறு பக்கம் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு எரிபொருள், சீமெந்து, உரம், பற்றரி முதலிய பல பொருள்கள் செல்வதை அரசு தடைசெய்தது. தடையில்லாத பொருள்களும் அனுமதியும் சோதனையும் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். தண்ணீரூற்றிலும் அயலிலுள்ள நீராவிப்பிட்டியிலும் பரம்பரையாக வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களும் வீடு, வயல், கடைகளை விட்டுவிட்டுப் போயின. புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. இந்த ஊரின் வணிகத்தைப் பற்றிய எந்த வரலாறும் இதைத் தாண்டிப் போக முடியாது.

1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோரில் பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்தார்கள். முள்ளியவளை, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, மல்லாவி எங்கும் சனம் நிறைந்தது. இடம்பெயர்ந்தோருக்கு அரசாங்க அதிபர் ஊடாக வந்த உலர் உணவு நிவாரணத்தில் அரிசி, மா, பருப்போடு சீனியும் இருந்தது. அந்த ஆண்டுகளில் சீனி ஒரு பண்டமாற்றுப் பொருளைப் போல மதிக்கப்பட்டது. பனங்கட்டி கடித்துக் குடிக்கும் பழைய வழக்கம், வழக்கம் என்ற நிலையிலிருந்து மீண்டும் தேவையாயிற்று. ஆலைச் சோடா பெரும்பாலான வீடுகளில் கண்ணில் படவில்லை. இனிப்புப் பானத்தைக் கட்டுப்படுத்துவதில் இந்தத் தடையைப் போல எந்த வரியும் வெற்றிபெற முடியாது. அதே தடை மருந்தையும் கட்டுப்படுத்தியது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ9 வீதி திறந்தது. லொறிகள் வந்தன, அவற்றில் மென்பானப் பெட்டிகளும் வந்தன. வன்னிக்குள் நுழையும் பொருள்களுக்குப் புலிகளின் ஆயப்பகுதி வரி அறவிட்டது. கொழும்பில் ஏற்கெனவே வரி கட்டிய பொருள் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் இன்னொரு தடவை கட்டியது. ஆகவே வன்னியில் ஒரு போத்தல் சோடா குடித்தவர் இரண்டு அரசுகளுக்கு வரி கட்டிக் குடித்தார் என்று சொல்லலாம். இந்த வரிகளில் எதற்கும் உடல்நலம் காரணமாகக் காட்டப்படவில்லை. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2008 டிசம்பரில் முள்ளியவளை இராணுவத்திடம் வீழ்ந்தபோது ஊரில் ஆளில்லை. எல்லாரும் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

போர் முடிந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து மக்கள் திரும்பிய பின், வன்னியின் கடைகளுக்கு முதலில் வந்தவற்றில் ஒன்று மென்பானக் கம்பனிகளின் விளம்பரப் பலகை. கடையின் பெயர் சிறிதாகவும் பானத்தின் பெயர் பெரிதாகவும் எழுதிய அந்தப் பலகைகளும், கம்பனி கொடுத்த கண்ணாடிக் கதவுக் குளிர்சாதனப் பெட்டிகளும் மின்சாரம் வந்த கையோடு வந்தன. கிணறுகள் துப்புரவாக்கப்பட்டுக் குடிக்கத் தக்கவையாகும் முன்பே குளிர்ந்த சோடா கிடைத்த கிராமங்கள் உண்டு. வவுனியாவையும் முல்லைத்தீவின் சில பகுதிகளையும் பாதித்த, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் குறித்த அச்சம் கிணற்றுத் தண்ணீர் மீதிருந்த நம்பிக்கையை மேலும் குலைத்தது. தண்ணீரை நம்பாத இடத்தில் போத்தலுக்கு இடம் கிடைக்கும்.

சீனி வருத்தம் வன்னியில் எவ்வளவு பரவியிருந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதற்கும் நாள் எடுத்தது. 2005–06இல் நடந்த இலங்கையின் தேசிய நீரிழிவு ஆய்வு, வளர்ந்தோரில் 10 பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதையும் 5 பேரில் ஒருவருக்கு இரத்தச் சீனி இயல்பு மீறியிருப்பதையும் காட்டி நாட்டை அதிரவைத்தது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. வெளியே தேசியப் புள்ளிவிபரம் ஒன்று உருவான நேரத்தில் வன்னி அதில் ஒரு வெற்றிடம். இன்று மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையின் கிளினிக் நாளில் கொப்பியோடு காத்திருப்போரைப் பார்ப்பவருக்குப் புள்ளிவிபரம் தேவைப்படாது.

நாட்டளவில் முதல் நடவடிக்கை வரி அல்ல, நிறம். ராஜித சேனாரத்ன சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில், 2016 ஓகஸ்ட் 1 முதல், இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் வண்ண அடையாளம் கட்டாயமாயிற்று. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள். அதற்குக் கீழ் பச்சை. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாதவருக்கும் வீதிச் சமிக்ஞை விளக்கு விளங்கும் என்பது எண்ணம். அக்காலத்தில் வன்னியில் சமிக்ஞை விளக்குகளைக் காண்பது அரிது என்பது வேறு கதை. நிறத்தின் உண்மையான வாசகர்கள் கம்பனிகள்தாம். 11 என்ற எல்லைக்குக் கீழே இறங்கினால் சிவப்பு மஞ்சளாகும் என்பதால், சீனியைச் சற்றுக் குறைத்துப் பானங்களை மாற்றியமைக்கும் வேலை அப்போதே தொடங்கியது.

அடுத்த ஆண்டு வந்தது வரி. நிதியமைச்சர் மங்கள சமரவீர 2017 நவம்பர் 9ஆம் திகதி சமர்ப்பித்த ‘நீல-பச்சை’ வரவு செலவுத் திட்டத்தில் கிராமுக்கு 50 சதம் என்ற உற்பத்தி வரி அறிவிக்கப்பட்டது. கணக்கு எளிது. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி கொண்ட 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம் சீனி. வரி 20 ரூபா. அதே பானத்தின் ஒன்றரை லீற்றர் போத்தலில் 150 கிராம். வரி 75 ரூபா. இதற்கு மேல் பெறுமதி சேர் வரி. அன்றைய விலைகளோடு ஒப்பிட்டால் இது சிறு உயர்வன்று. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை, பானத்தின் விலை 20 வீதமாவது ஏறினால்தான் நுகர்வு கணிசமாகக் குறையும் என்றது. இலங்கை வரி அந்த வரம்பைத் தாண்டிப் போனது.

விளைவும் உடனே தெரிந்தது. நாட்டின் பெரிய மென்பான உற்பத்தியாளர்கள் தங்கள் ஆண்டறிக்கைகளிலேயே விற்பனை வீழ்ச்சிக்குச் சீனி வரியைக் காரணமாகக் காட்டினார்கள். சிறிய போத்தல்கள், சீனி குறைந்த வகைகள், ஸ்ரீவியா போன்ற மாற்று இனிப்பூட்டிகள் சேர்ந்தவை, போத்தல் தண்ணீர் ஆகியவை சந்தையில் பெருகின. கிராம் கணக்கிலான வரியின் வலிமை இங்கேதான். லீற்றருக்கு இவ்வளவு என்று வரி போட்டால், சீனியைப் பாதியாகக் குறைத்த கம்பனியும் குறைக்காத கம்பனியும் ஒன்றே கட்டும். கிராமுக்கு என்று போட்டால், ஆலையிலேயே ஒவ்வொரு கரண்டிச் சீனியும் செலவாகத் தெரியும். குடிப்பவர் மனம் மாறாவிட்டாலும் போத்தலுக்குள் இருப்பது மாறும்.

இந்த வேறுபாட்டுக்கு அயலிலேயே எதிர் உதாரணம் இருக்கிறது. இந்தியா 2017 ஜூலையில் சரக்கு சேவை வரியைக் கொண்டுவந்தபோது, வாயு அடைத்த பானங்களை 28 வீத உச்ச அடுக்கில் வைத்து அதன் மேல் 12 வீத மேல்வரியும் சேர்த்தது. மொத்தம் 40 வீதம். சீனியே இல்லாத டயட் கோலாவும் சீனி நிறைந்த கோலாவும் அதில் ஒன்றுதான். இந்தியா வரி போட்டது நுரைக்கு. தமிழ்நாட்டில் அதே ஆண்டு மார்ச்சில் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் கோலாக்களை விற்பதில்லை என்று அறிவித்ததும் உடல்நலத்தை மட்டும் எண்ணி எழுந்ததன்று. சல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடும் தாமிரபரணித் தண்ணீர் குறித்த கோபமும் அதில் இருந்தன. அதன் பயனைப் பெற்றவை விருதுநகர் வழிவந்த காளிமார்க்கின் போவண்டோ போன்ற உள்ளூர்ப் பானங்கள். அவற்றிலும் சீனி உண்டு.

வேறு நாடுகளின் அனுபவம், மக்கள் எந்த வரியை ஏற்கிறார்கள், எதைத் தூக்கியெறிகிறார்கள் என்பதைக் காட்டுகிறது. மெக்சிக்கோ 2014 ஜனவரி 1 முதல் லீற்றருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. உலகிலேயே மிக அதிகமாகச் சோடா குடிக்கும் நாடுகளில் ஒன்று அது; பல ஊர்களில் நம்பிக்குடிக்கத் தக்க குழாய்த் தண்ணீரும் இல்லை. அதனால் வரிக்காகப் போராடியவர்கள், கிடைக்கும் பணத்தில் பள்ளிக்கூடங்களில் குடிநீர்க் குழாய்கள் வேண்டும் என்ற கோரிக்கையைச் சேர்த்தே எழுப்பினார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் வரிக்குரிய பானங்களின் கொள்முதல் சராசரி 7.6 வீதம் குறைந்தது. ஏழை வீடுகளில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது. இதை இரு விதமாகவும் வாசிக்கலாம். வரியின் சுமை ஏழைக்கு அதிகம் என்று கம்பனிகள் சொல்லும். நீரிழிவின் சுமையும் ஏழைக்கே அதிகம், குறைத்துக்கொள்பவரும் அவரே என்று சுகாதாரத் துறையினர் சொல்வார்கள்.

அமெரிக்காவின் பேர்க்லி நகரில் 2014 நவம்பரில் இதை வாக்குக்கே விட்டார்கள். 76 வீதத்தினர் ஆதரித்தார்கள். பணத்தை எங்கே செலவிடலாம் என்று நகரசபைக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழுவும் அமைந்தது. வரி வந்த சில மாதங்களில் குறைந்த வருமானப் பகுதிகளில் இனிப்புப் பானக் குடிப்பு 21 வீதம் குறைந்ததாகவும் தண்ணீர் குடிப்பது கூடியதாகவும் ஆய்வு கண்டது. சிக்காகோவை உள்ளடக்கிய குக் மாவட்டத்தில் நடந்தது நேர்மாறு. அங்கே வரவு செலவில் விழுந்த துண்டை நிரப்பவே வரி என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2017 ஓகஸ்டில் வந்த வரி, எதிர்ப்பைத் தாங்காமல் அவ்வாண்டு டிசம்பர் முதலாம் திகதி மறைந்தது. அதாவது இலங்கை தன் வரியை அறிமுகப்படுத்திய அதே மாதத்தில் குக் மாவட்டம் தன்னுடையதைக் கைவிடத் தயாராகிக்கொண்டிருந்தது. 1930களிலிருந்து மென்பான வரி வைத்திருந்த டென்மார்க், எல்லை தாண்டி ஜெர்மனிக்குச் சென்று வாங்கும் பழக்கத்தால் சலித்து 2014இல் அதை நீக்கியது.

பிரித்தானியாவின் வரி, புலம்பெயர்ந்த தமிழர் பலரின் அன்றாடக் கடைப் பையைத் தொட்டது. 2016இல் அறிவித்து, 2018 ஏப்ரலில்தான் நடைமுறைப்படுத்தினார்கள். தொடக்க வீதங்களின்படி, 100 மில்லிலீற்றருக்கு 5 கிராமுக்குக் கீழ் வரியில்லை. 5 முதல் 8 வரை லீற்றருக்கு 18 பென்ஸ். அதற்கு மேல் 24 பென்ஸ். இந்த இரண்டு ஆண்டு அவகாசமே அதன் சூட்சுமம். வரி வருவதற்குள் பல கம்பனிகள் சீனியைக் குறைத்துவிட்டன; 2015க்கும் 2019க்கும் இடையே வரிக்குட்பட்ட வகைப் பானங்களின் சராசரிச் சீனி 40 வீதத்துக்கு மேல் குறைந்தது. ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புப் பெண்பிள்ளைகளில் உடற்பருமன் 8 வீதம் குறைந்ததையும் ஓர் ஆய்வு கண்டது. ஆண்பிள்ளைகளில் அந்த மாற்றம் தென்படவில்லை. நீரிழிவு போன்ற நோய் பத்து, இருபது ஆண்டுகளில் முளைப்பது. ஆகவே வரியின் பயனை முதலில் கடைக் கணக்கில்தான் பார்க்க முடிகிறது; கிளினிக் கணக்கில் தெரிவதற்கு அரசுகளுக்கு இல்லாத பொறுமை வேண்டும்.

இலங்கை அரசிடம் அந்தப் பொறுமை ஓராண்டுக்கு மேல் இருக்கவில்லை. பழத்தில் இயல்பாக உள்ள சீனியையும் சேர்த்து எண்ணுவது நியாயமா என்ற கேள்வி எழுந்து, பழப்பானங்களுக்குச் சலுகை கொடுக்கப்பட்டது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கியதால் எழுந்த அரசியல் நெருக்கடி வாரங்களில், பானங்களின் சீனி வரியும் குறைக்கப்பட்டது. மக்களுக்கு நிவாரணம் என்பது சொல்லப்பட்ட காரணம். வரி வந்தபோதும் அதைக் குறைத்தபோதும் வீதிக்கு வந்து வாதாடிய பெரிய மக்கள் அணி எதுவும் இல்லை. வரிப்பணம் அரசியலமைப்பின்படி திரட்டு நிதியத்துக்குப் போனது. ஒரு பள்ளிக்கூடத்துக் குடிநீர்க் குழாயையோ ஒரு கிளினிக்கையோ காட்டி, இது சீனி வரியில் வந்தது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. தனக்கென்று ஒரு முகம் இல்லாத வரியைக் காப்பாற்ற ஆள் வரமாட்டார். வன்னியில் போத்தலைக் கையில் எடுத்தவருக்குத் தெரிந்தது அதிகபட்ச சில்லறை விலை. அதற்குள் சுகாதார அமைச்சு எவ்வளவு, நிதியமைச்சு எவ்வளவு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

இந்த வரியைவிடப் பெரிய கேள்வி மூட்டைச் சீனியிலேயே இருந்தது. இலங்கையர் சீனியை உட்கொள்வது முதன்மையாகப் போத்தலில் அல்ல, தேத்தண்ணியில். வன்னியில் காலையில் எழுந்ததும் ஒன்று, வயலுக்குப் போகும் வழியில் தேத்தண்ணிக் கடையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, ஆள் வந்தால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி, அதாவது ஏறத்தாழ 8 முதல் 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன உச்ச வரம்பு, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு 50 கிராம். அதிலும் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்றது. நான்கு தேத்தண்ணியில் அந்த நல்ல எல்லை கடந்துவிடுகிறது. ஒரு சொட்டு மென்பானம் வாயில் படாமலே.

அந்த மூட்டைச் சீனிக்கு இலங்கை 2007ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் விசேட பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரி வைத்திருந்தது. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி, கோத்தாபய ராஜபக்சவின் ஆட்சியில், அது கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 25 சதத்துக்கு இறக்கப்பட்டது. விலை அதற்கேற்பக் குறையவில்லை. அரசு இழந்த வருமானம் 1500 கோடி ரூபாவுக்கு மேல் என்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பேசப்பட்டு, ‘சீனி மோசடி’ என்ற பெயர் நிலைத்தது. 2021 ஓகஸ்டில் சீனியும் அரிசியும் பதுக்கப்படுகின்றன என்று அவசரகால விதிகள் வந்தன. 2022இன் நெருக்கடியில் பால்மாவும் எரிவாயுவும் இல்லாமல் நாடு முழுவதும் வெறுந்தேத்தண்ணிக்கு வந்தது. வன்னிக்கு அந்தக் குடிப்பு புதிதன்று. பனங்கட்டிக்குத்தான் முன்போல மலிவான விலை இருக்கவில்லை; சீவுத்தொழிலுக்குப் போகும் இளைஞர் குறைந்ததால் ஒரு கிலோ பனங்கட்டி சீனியைவிடப் பல மடங்கு விற்றது.

2023 நவம்பரில், சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டத்தின் கீழ் வருமானம் தேடிய அரசு, சீனி மீதான அறவீட்டை மீண்டும் கிலோவுக்கு 50 ரூபாவாக்கியது. இதையும் கிராமில் போட்டுப் பார்க்கலாம். கிலோவுக்கு 50 ரூபா என்றால் கிராமுக்கு 5 சதம். 2017இல் போத்தலுக்குள் இருந்த சீனிக்கு விதித்தது அதைப்போலப் பத்து மடங்கு. தேத்தண்ணிக் குவளைக்குள் விழும் இரண்டு கரண்டிச் சீனிக்கு 2020 ஒக்டோபர் வெட்டுக்குப் பின் அரசு கேட்டது ஒரு சதத்திலும் குறைவு. 2023 நவம்பர் உயர்வுக்குப் பின் கேட்டது ஏறத்தாழ அரை ரூபா. இந்த ஏற்ற இறக்கங்களில் எதையும் தீர்மானித்தது உடல்நலக் கணக்கன்று. 2020இன் இறக்கத்துக்கு இறக்குமதியாளர் நலன் காரணம் என்று பேசப்பட்டது; 2023இன் ஏற்றத்துக்குத் திறைசேரியின் வெறுமை காரணம்.

தண்ணீர்ப்பந்தல் இந்த எல்லாக் கணக்குக்கும் வெளியே நிற்கிறது. உற்பத்தி வரி ஆலையில் அடைத்த பானத்துக்குத்தான். அண்டாவில் கரைத்து வார்க்கும் சர்பத்துக்கு வண்ண அடையாளமும் கிராம் கணக்கும் இல்லை. அதில் கரையும் சீனிக்குத் துறைமுகத்தில் கட்டிய இறக்குமதி அறவீடுதான் அரசின் பங்கு. அதே பந்தல்களில் மோரும் பச்சைத் தண்ணீரும் வார்க்கும் வழக்கமும் விட்டுப்போகவில்லை. நெடுந்தூரம் நடந்து வரும் வயதானவர்கள் அதையே கேட்டு வாங்குகிறார்கள், பெரும்பாலும் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள்.